நாலு கலர் டைம்டேபிள்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். எதிர் மேசைத் தம்பி ஸ்கேல் வெச்சு, நாலு கலர் ஹைலைட்டரில் டைம்டேபிள் தீட்டிக்கிட்டிருந்தார். அதுக்கு அடியில் குரூப் 4 மாதிரி வினாத்தாள். மடிப்புகூடக் கலையல.

சோம்பேறின்னு சொல்லிட முடியாது, அவ்வளவு உழைப்பு அந்த டைம்டேபிளில்!

முழு மூச்சாப் படிச்சும் ஃபெயிலானா 'எனக்கு வராது'ன்னு ஆயிடும். படிக்காம ஃபெயிலானா 'நேரம் கிடைக்கல'. ரெண்டாவதில் வலி கம்மி.

1978லேயே பெர்க்லஸ், ஜோன்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் இதைச் சோதிச்சாங்க. விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, 'பிரமாதம்'னு பாராட்டினாங்க. அடுத்த தேர்வுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரை: ஒண்ணு திறனைக் கூட்டும், இன்னொண்ணு குறைக்கும்னு சொல்லி. சோதனையில் கலந்துக்கிட்ட ஆண்களில் நிறைய பேர் தேர்ந்தெடுத்தது குறைக்கிற மாத்திரையை. தோத்தா பழி மாத்திரை மேல.

ரிசல்ட்டுக்கு முன்னாடியே மனசில் சாக்கு ஓடுதா? தேதி போட்டு எழுதி வையுங்க. அதே சாக்கு திரும்பத் திரும்ப வந்தா விஷயம் புரிஞ்சிடும்.

குரூப் 4ல் 200 கேள்வி, 3 மணி நேரம். முழுத் தாளோட உக்காந்தா கை தானா ஹைலைட்டரைத் தேடும். அதனால தினமும் 20 கேள்வி, 18 நிமிஷம், அலாரம். ஆரம்பிக்கிற நேரம் 'சாயங்காலம்'னு பொத்தாம்பொதுவா வேணாம், 'டீ கிளாஸைக் கீழே வெச்சதும்'னு வையுங்க. உடனே திருத்தி, ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் 'தெரியல', 'அவசரம்', 'கேள்வியே புரியல'ன்னு எழுதணும். மார்க்கை மட்டும் பார்த்தா பயம்தான் கூடும்.

ஒரு நாள் விட்டுப்போச்சா? மறுநாள் 40 போட்டு அபராதம் கட்டாதீங்க. அதே 20தான்.