வெள்ளியங்கிரி ஏற எத்தனை மணி நேரம்?

ஆபீஸ் வாட்ஸப் குழுவுல நேத்துல இருந்து ஒரே பஞ்சாயத்து. கோயம்புத்தூர் பக்கத்துல இருக்குற வெள்ளியங்கிரியில மூணு மணி நேரத்துல ஏழு மலையும் ஏறிட்டேன்னு ஒருத்தர், ரெண்டே முக்கால்னு இன்னொருத்தர்.

ஏனுங்க, கணக்க எங்கிருந்து ஆரம்பிச்சீங்க? அடிவாரத்து பூண்டி கோயில்ல இருந்தா, முதல் மலை ஏறி முடிச்சதும் வர்ற வெள்ளை விநாயகர் கோயில்ல இருந்தா? ஏன்னா முதல் மலைதான் ஆளை முறிக்கும். படிக்கட்டுதான், ஆனா சில படி முழங்கால் உசரம் இருக்கு. அங்கங்க உக்காந்து மூச்சு வாங்குன நேரத்தையும் கழிச்சுட்டுத்தான் எல்லாரும் சொல்றாங்களோன்னு எனக்கொரு சந்தேகம்.

நான் ராத்திரி 11 மணிக்கு ஏற ஆரம்பிச்சேன். உச்சியில கால் வைக்கிறப்ப 4.40. இறங்க 5 மணி நேரம். இதுல ஆறாவது மலையில இருக்குற ஆண்டி சுனையில குளிக்கவா வேண்டாமான்னு யோசிச்சே கால் மணி நேரம் போச்சு. குளிக்கல. விரலை விட்டதுக்கே உடம்பு சிலிர்த்துருச்சு.

ஆறாவது மலையில ஒரு பெரியவர் வெறுங்காலோட, மூங்கில் தடிய டொக் டொக்குனு ஊனி என்னைத் தாண்டிப் போனாரு. "மெதுவா வா கண்ணு"ன்னு வேற சொன்னாரு. அவரு கையில வாட்சே இல்ல.

அந்த மூணு மணி நேர ஆளும் எங்ககூட வந்தவர்தான். நான் போய்ச் சேர்றப்ப பாறை இடுக்குல துண்டப் போத்திட்டு, பல்லு தந்தியடிக்க விடியலுக்குக் காத்துட்டு இருந்தாரு.

இன்னைக்கு ஆபீஸ்ல லிப்ட் ரிப்பேர். மூணாவது மாடிக்கு 11 நிமிஷம். குழுவுல போட்டுட்டேன்.