எண்ணெய்க் கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு?

எடுத்தவருக்கே சொந்தம் என்பவர்கள் உழைப்பின் கூலியையும், மண்ணுக்கடியில் தானாகக் கிடந்த மதிப்பையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒரு பீப்பாய் எண்ணெய் 80 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோண்டும் செலவு, முதலீட்டுக்கான நியாயமான லாபம் எல்லாம் சேர்த்து 35 என்று வையுங்கள். மிச்சம் 45 யார் உழைப்பிலும் வந்ததில்லை. சண்டையே இந்த 45-க்குத்தான்.

தனியுடைமையை ஆதரித்த 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கும்கூட, ஒருவர் எடுத்தபின் மற்றவர்களுக்கும் போதிய அளவில், அதே தரத்தில் மிஞ்ச வேண்டும் என்றார். எடுக்க எடுக்கத் தீரும் எண்ணெயில் அது எப்படி முடியும்? பணமாகத்தான் மிச்சம் வைக்க முடியும். அமெரிக்க மாநிலமான அலாஸ்கா 1976-இல் தன் அரசமைப்பைத் திருத்தி, கனிம ராயல்டியில் (வளத்தை எடுப்பவர் அதன் உரிமையாளருக்குத் தரும் தொகையில்) குறைந்தது 25 சதவீதத்தை நிரந்தர நிதியில் போட்டது. அசலைத் தொடக்கூடாது. 1982 முதல் அங்கே வசிப்பவர்களுக்குப் பங்குத்தொகை போகிறது.

ஏமாற்று நடப்பது செலவுக் கணக்கில். லாபத்தில் மட்டும் பங்கு கேட்டால், நிறுவனம் தன் துணை நிறுவனத்திடமே இயந்திரத்தைக் கூடுதல் வாடகைக்கு எடுத்து 35-ஐ 60 ஆக்கிக் காட்டும். செலவைக் கழிக்காமல் விற்பனைத் தொகை மீது மட்டும் ராயல்டி போட்டால், விலை சரியும்போது சிறு கிணறுகள் மூடப்படும். ஆகவே இரண்டும் கலந்துதான் வேண்டும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. இயற்கை வளம் மக்களுடையது என்று 1962-இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் 1803 சொன்னது. ஆனாலும் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்தவர் விற்கும் எண்ணெயை உலகச் சந்தை சட்டப்படியான சரக்காகவே வாங்கிக்கொள்கிறது.