பூல் லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பாசி

எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் தண்ணீர் ஒருநாளும் பச்சையாகவில்லை. தரை டைல்ஸின் கோடுகளைக் கரையில் நின்றே எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் லைட் வளையத்தைச் சுற்றியும், ஏணிக்கால் சுவரைத் தொடும் இடத்திலும், தரை அழுக்கை உறிஞ்சும் குழாயை மாட்டும் வேக்கம் பாயிண்ட் மூடியின் ஓரத்திலும் மட்டும் பச்சை படியும். பிரஷ் போட்டால் போய்விடும். இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்ப வந்து நிற்கும்.

பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்தவர்களின் சூப்பர்வைசரிடம் சொன்னால், மஞ்சள் சொட்டு மருந்து கிட்டைத் தூக்கிக் காட்டுவார். "பாருங்க சார், நல்லா மஞ்சளா இருக்கு. குளோரின் கரெக்டா இருக்கு." அப்புறம் மயில்துத்தம் ஒரு பை கரைத்து ஊற்றிவிட்டுப் போவார். பாசி கொஞ்சம் அடங்கும். ஆனால் டைல்ஸ் இடுக்குகளில் நீலச் சாம்பல் கறை படிந்தது. தாமிரக் கறை அது, இன்னும் முழுசாகப் போகவில்லை. யாராவது மயில்துத்தப் பையோடு வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த மஞ்சள் கிட்டில் ஒரு கோளாறு உண்டு. வேலை செய்யும் குளோரினையும், அழுக்கோடு சேர்ந்து செத்துப்போன குளோரினையும் அது சேர்த்தே காட்டும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட் இரண்டையும் பிரித்துக் காட்டும். அதிலும் எங்கள் அளவு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வந்தது. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. அப்படியும் பாசி ஏன் சாகவில்லை?

கெமிக்கல் ரூமில் அடுக்கியிருந்த வாளிகளில் பதில் இருந்தது. எல்லாமே டிசிசிஏ 90 என்ற குளோரின் மருந்து. வருஷக்கணக்காக அதை மட்டுமே போட்டிருக்கிறார்கள். அதில் குளோரினோடு சயனூரிக் ஆசிடும் சேர்ந்தே வரும். குளோரினில் 10 பிபிஎம் ஏறினால் இது 6 பிபிஎம் ஏறும். குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் ஆசிட் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஓரளவு இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றும். அளவு மீறினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும்.

இதை அளக்க ஒரு கிட் வேண்டும். சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர் அமில, காரத் தன்மையை மட்டும் காட்டும் பிஎச் சொட்டு மருந்தைக் கொடுத்து "இதுலயே எல்லாம் தெரியும் சார்" என்றார். வாங்கிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். கடைசியில் ஆன்லைனில் வரவழைத்தேன். தண்ணீரில் மருந்து கலந்தால் வெள்ளையாகக் கலங்கும். குழாயின் அடியில் இருக்கும் கரும்புள்ளி எந்த உயரத்தில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் தண்ணீரில் ஊற்ற ஆரம்பித்ததுமே புள்ளி மறைந்துவிட்டது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி அளந்து இரண்டால் பெருக்கினால், 150 பக்கம். 30 முதல் 50 வரை இருக்க வேண்டியது!

இதைக் குறைக்க நடைமுறையில் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மே மாதத்தில் இதை அசோசியேஷன் மீட்டிங்கில் சொன்னால் என்ன நடக்கும் என்று ஓ.எம்.ஆர். வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. "குடிக்கவே லாரித் தண்ணி, இவர் குளத்தைக் கொட்டச் சொல்றாரு." மழை வரும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது குளத்தை முழுசாகக் காலி செய்யாதீர்கள். அடியிலிருந்து வரும் நீரழுத்தம் தொட்டியையே தூக்கிவிடும். வெளியேற்றும் தண்ணீரைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமான எஸ்டிபியில் விடச் சொன்னார் சூப்பர்வைசர். எஸ்டிபி ஆபரேட்டர் ஓடி வந்து சத்தம் போட்டார். நியாயம்தான், குளோரின் போனால் அவர் வளர்க்கும் பாக்டீரியா செத்துப்போகும்.

அடுத்தது லைட். "அதைக் கழட்டணும்னா குளத்தைக் காலி பண்ணணும் சார், தண்ணிக்குள்ள கரண்ட்டு" என்றார் சூப்பர்வைசர். எங்களுடையது சுவர்க் குழிக்குள் உட்காரும் பழைய ரக பார் 56, 12 வோல்ட். இந்த வகையில் கேபிளைக் குழிக்குள்ளேயே சுருட்டி வைத்திருப்பார்கள், லைட்டைக் கரைக்குத் தூக்கி வைத்து வேலை பார்க்கத்தான். எலக்ட்ரீஷியனை வைத்து எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, பேனலில் ஆளை நிறுத்திவிட்டு, உச்சியில் இருந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினோம். துருப்பிடித்து அடம் பிடித்தது. வளையம் நகர்ந்ததும் லைட் கையோடு வந்தது.

பின்பக்கம்? கேபிள் சுருள் முழுக்கப் பழைய வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று கரும்பச்சை. குழிக்குள் தண்ணீர் ஓட்டமே கிடையாது. இடுக்கு வழியாக வெளிச்சம் மட்டும் போகிறது. வேறென்ன வேண்டும் பாசிக்கு? வேலை பார்க்கும் தம்பி பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் கேபிளுக்கும் சுவருக்கும் நடுவே விட்டு இழுத்தார். தெளிந்த தண்ணீரில் பச்சை மேகமாகக் கிளம்பியது. சூப்பர்வைசர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மற்ற இடங்களும் அப்படித்தான். ஏணிக்கால் நுனியின் ரப்பர் கப்பைக் கழற்றினால் உள்ளே சேறு. ஓவர்ஃப்ளோ கிரேட்டிங்கின் அடிப்பக்கம் முழுக்க வழுக்கல். வேக்கம் பாயிண்ட் லைன்தான் மோசம்: வால்வு எப்போதும் மூடியே இருப்பதால் குழாய்த் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடந்தது. வழியும் தண்ணீர் சேரும் பேலன்சிங் டேங்க் இருட்டு, அங்கே பாசி வராது. ஆனால் சுவரில் படிந்த கொழகொழப்பு குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும், அதையும் தேய்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஹைப்போ, அதாவது திரவக் குளோரின். கணக்கு சுலபம்: ஒரு லட்சம் லிட்டருக்கு, 10 சதவீத ஹைப்போ ஒரு லிட்டர் ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். வெயிலில் கிடந்த கேன் என்றால் வீரியம் குறைந்திருக்கும். சயனூரிக் ஆசிட் 50க்கு வந்திருந்ததால் குளோரின் இலக்கு அதில் 40 சதவீதம், அதாவது 20 பிபிஎம். பிஎச்சை முதலிலேயே 7.2க்கு இறக்கிவிடுங்கள், குளோரின் ஏறிய பிறகு பிஎச் அளவை நம்ப முடியாது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் ஊற்றுங்கள். குளத்துக்குப் பூட்டு.

மறுநாள் சூப்பர்வைசரிடமிருந்து பதற்றமாக ஒரு போன். "சார், குளோரின் ஜீரோ காட்டுது, இன்னும் நாலு கேன் சொல்லட்டுமா?" டிபிடியில் குளோரின் மிக அதிகமானால் நிறமே வெளுத்துப்போகும், ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஒரு பங்கு குளத்துத் தண்ணீரில் ஒன்பது பங்கு பாட்டில் தண்ணீர் கலந்து அளக்கச் சொன்னேன். பளிச்சென்று இளஞ்சிவப்பு! பத்தால் பெருக்கினால் 20 பக்கம். நாலு கேன் காசு மிச்சம்.

கெமிக்கல் ரூமில் ஹைப்போ கேனுக்குப் பக்கத்திலேயே ஆசிட் கேன் இருந்ததைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. டிசிசிஏ அள்ளிய அதே கரண்டியை பிளீச்சிங் பவுடருக்குப் போட்டாலும் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். உங்கள் கெமிக்கல் ரூமை இன்றைக்கே போய் ஒரு முறை பாருங்கள்.

ஹைப்போ ஊற்றுவதை எப்போது நிறுத்துவது? இருட்டிய பிறகு ஒரு அளவு, சூரியன் வருமுன் ஒரு அளவு. ராத்திரியில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாமல் இருந்தால் குளோரினைத் தின்ன உள்ளே எதுவும் இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு அந்த அளவு வந்த பிறகும், குளோரின் சாதாரண நிலைக்கு இறங்கும்வரை பிள்ளைகளை உள்ளே விடவில்லை.

இப்போது தினமும் பம்ப் ஓடும்போது வேக்கம் லைனைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லைட்டைக் கழற்றித் துடைப்பது, மாதம் ஒருமுறை சயனூரிக் ஆசிட் அளந்து எழுதுவது இரண்டும் கான்ட்ராக்ட்டில் ஏறிவிட்டன. இந்த வேலை நடந்த மாத பில்லில் 'ஸ்பெஷல் பாசி ட்ரீட்மென்ட்' என்று தனியாக ஒரு தொகை போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த வரியை அடித்த பிறகுதான் பொருளாளர் செக்கில் கையெழுத்துப் போட்டார்.