மாமியின் சீனியும் வயிறும்: ஒரு குசினிக் குறிப்பேடு

மாமிக்குச் சீனி வருத்தம் பழசு. வயிற்றுக் கோளாறு அதைவிடப் பழசு. கிளினிக்கில் சொல்லிவிட்ட சாப்பாட்டு ஒழுங்கு சீனிக்கு நல்லாத்தான் வேலை செய்தது. பாணைக் குறை, சோற்றைக் குறை, கடலை, கௌபி, பருப்பு, ஆட்டா மா, மரக்கறியைக் கூட்டு. அந்த ஒழுங்கில் போன நாட்களில் பின்னேரம் மாமி கதிரையில் சரிந்திருந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பா. "சீனி இறங்கினது சரி பிள்ளை, எனக்கெல்லே உயிர் போகுது" என்பா. பிறகு இரவுக்கு இரண்டு துண்டு பாணும் தேத்தண்ணியும்தான். வயிறு அமரும், காலையில் சீனி ஏறி நிற்கும்.

இரண்டையும் சேர்த்து ஆற்றுகிற சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பேட்டைத் தொடங்கினேன். ஒரு பக்கத்தில் குளுக்கோமீட்டர் காட்டியது, மறுபக்கத்தில் மாமியின் வயிறு சொன்னது. விசுவமடுச் சந்தையில் கிடைக்கிற சாமான்களை வைத்து மட்டும் செய்வது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். ஓட்ஸும் கினோவாவும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்பது வாசித்தபோது விளங்கியது. கிளைசெமிக் சுட்டி என்பது 1981இல் டொரொன்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் கொண்டுவந்த அளவு. குளுக்கோசை 100 என்று வைத்து, மற்றச் சாப்பாடுகள் இரத்தத்தில் சீனியை எவ்வளவு ஏற்றுகின்றன என்று ஒப்பிடுவது. 55க்குள் என்றால் தாழ்வு, 70ம் அதற்கு மேலும் உயர்வு. வெள்ளைப் பாண் 75 அளவில் நிற்கும், கொண்டைக்கடலை 28 அளவில். அந்தக் கணக்கில் கடலைதான் ராசா. ஆனால் கடலையிலுள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியை உடைக்க மனிதக் குடலில் நொதியம் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பக்டீரியாக்களிடம் நொதித்து வாயுவாகிறது. வெங்காயம், உள்ளி, கோதுமையில் இருக்கிற பிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இதே வேலையைத்தான் செய்யும். இவற்றைச் சேர்த்து ஃபொட்மாப் என்கிறார்கள். மெல்பேர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். சீனிக்காரருக்கு நல்லது என்று சொல்லும் சாமானில் பாதி, ஊதுகிற வயிற்றுக்கு ஆகாத பட்டியலில் கிடக்கிறது. இதைக் கிளினிக்கில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்ல அங்கே நேரமும் இல்லை, வரிசை வாசல் வரைக்கும் நிற்கும்.

ஆவணி: சோறு

வன்னியில் சோற்றை விடு என்றால் அது ஆலோசனை அல்ல, பகிடி. சோற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்றுதான் பார்த்தேன்.

சிவப்பரிசி என்றால் போதும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சர்வதேச அட்டவணையில் தவிடு நீக்காத அரிசிக்கு சராசரி 68, வெள்ளைச் சோற்றுக்கு 73. நிறம் மாத்திரம் பெரிதாகக் காப்பாற்றாது. இனமும் (அமிலோஸ் என்ற வகை மாப்பொருள் கூடிய அரிசி மெதுவாகச் சமிக்கும்), புழுக்கினதா பச்சையா என்பதும், எவ்வளவு குழைய அவித்தோம் என்பதும் கூடக் கணக்கு. பச்சையரிசியை விட்டு ஊர்ப் புழுங்கலரிசிக்கு மாறி, குழையவிடாமல் பருக்கை பருக்கையாக வடித்தெடுத்தேன். மாமிக்குப் பல்லுக் கொஞ்சம் சிரமம். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது ஆறவைத்த சோறு. ஆறும்போது மாப்பொருளில் ஒரு பகுதி இறுகி, சமிக்காத மாப்பொருளாக மாறுகிறது. திரும்பச் சூடாக்கினாலும் அதில் கொஞ்சம் அப்படியே நிற்கும். பழஞ்சோற்றுக்கு இப்படி ஒரு ஞாயம் கிடைத்ததில் மாமிக்குப் பெரிய புளுகம். ஆனால் எங்கள் வெக்கையில் சோற்றை இரவு முழுக்க வெளியில் வைப்பது எனக்குப் பயம், சோற்றில் வளர்கிற கிருமி ஒன்று நஞ்சை உண்டாக்கும், சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வடித்துக் கொஞ்சம் ஆறினதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, அடுத்தநாள் மத்தியானம் நீராவியில் நன்றாகச் சூடுகாட்டிக் கொடுத்தேன். மீட்டர் கொஞ்சம் இறங்கித்தான் காட்டியது. கூடச் சாப்பிட்ட நாளில் மட்டும் வயிறு இரைந்தது. சமிக்காத மாப்பொருளும் பெருங்குடலில் நொதிக்கிற சாமான்தானே.

இதையெல்லாம்விடப் பலன் தந்தது சாப்பிடுகிற ஒழுங்கு. முதலில் மீனும் வறையும், பிறகுதான் சோறு. இறைச்சி, மீன், மரக்கறி முன்னுக்குப் போனால் பின்னால் வரும் மாப்பொருள் சீனியை மெதுவாக ஏற்றும். மாமி ஒத்துக்கொள்ளவேயில்லை. "குழைச்சுத் தின்னாட்டி அது சோறோ?" கடைசியில் பேரம் பேசி, பாதி மீனையும் வறையில் முக்கால்வாசியையும் தனியாக முடித்துவிட்டு மிச்சத்தைக் குழைத்துச் சாப்பிடுவது என்று முடிவானது.

புரட்டாதி: வெங்காயம்

இந்த மாதம் வீட்டில் சண்டை. வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் எங்கள் சமையலில் எது இருக்கிறது? சம்பல், சொதி, வறை, குழம்பு, எல்லாவற்றிலும் சின்ன வெங்காயம். நிறுத்திப் பார்த்தால் தெரியும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சில நாட்களிலேயே மாமியின் பின்னேர ஊதல் பாதியாகக் குறைந்தது. பருப்பையே குற்றம்சாட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய செய்தி.

ஆனால் வாசமில்லாச் சொதியை மனிசர் குடிக்க ஏலாது. பிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் நல்லெண்ணெயில் நசுக்கின உள்ளிப் பல்லைச் சின்ன நெருப்பில் போட்டு, வாசம் இறங்கினதும் உள்ளியை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். உள்ளி கிடக்கத் தண்ணீரோ பாலோ விடக்கூடாது, விட்டால் எல்லாம் இறங்கிவிடும். இந்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றி மேசையில் நாள்கணக்காக வைக்கவும் கூடாது. உள்ளி கிடந்த எண்ணெயில் பொட்டுலிசம் என்ற பொல்லாத நோயைத் தருகிற நஞ்சு உண்டாகலாம். அன்றன்றைக்குச் செய்வதுதான் நல்லது. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, அடியிலுள்ள வெள்ளையை விட்டுவிட்டு. வேலிக்கரையில் பழைய வாளிகளில் வெங்காயத்தை ஊன்றிவிட்டேன், தாள் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருக்கிறது.

மீன் சொதியை இப்போது இப்படி வைக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வருகிற விளைமீன், ஓரா, எது புதிசோ அது. இல்லாவிட்டால் குளத்து விரால். தேங்காயின் இரண்டாம் பாலில் மஞ்சள், பச்சைமிளகாய் ஒன்றைக் கீறி, நற்சீரகம், மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை, வெந்தயம் ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்கவிட்டு மீனை இறக்குவேன். முதற்பால் கடைசியில் ஒரு கரண்டி மட்டும். கொழுப்புச் சீனியைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை, ஆனால் பால் தடித்தால் மாமிக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கும். உள்ளியெண்ணெயில் கடுகும் செத்தல்மிளகாயும் தாளித்துக் கொட்டி, வெங்காயத்தாளைத் தூவி, அடுப்பை நிற்பாட்டின பிறகு தேசிக்காய்ப் புளி. புளிப்புக்கும் சீனி ஏற்றத்தைக் கொஞ்சம் தணிக்கிற குணம் உண்டு. பழப்புளிக் குழம்பு இந்த வீட்டில் நிற்பாட்டப்படாததற்கு அதுவும் ஒரு சாட்டு.

மாமி முதல் வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை அகப்பையை அவவே எடுத்தா. தேங்காய்ச் சம்பல் விஷயத்தில் மட்டும் நான் தோற்றேன். வெங்காயம் போடாத சம்பலை மாமி தொட்டும் பார்ப்பதில்லை, ஆகவே சம்பல் வாரத்தில் ஒருநாள், அதுவும் கொஞ்சம்.

ஐப்பசி: பயறு, கௌபி

மழை தொடங்கிவிட்டது. வெங்காயம் போனபிறகு பருப்பு வகையைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தேன், ஏனென்றால் சீனிக்கு அதைவிட நல்ல சாமான் சந்தையில் இல்லை.

தொந்தரவு தருகிற சர்க்கரை தண்ணீரில் கரைகிறது. ஆகவே ஊறவைத்த தண்ணீரை வெளியே ஊற்றிவிடவேண்டும், அவித்த முதல் தண்ணீரையும் ஊற்றிவிடவேண்டும். "சத்தெல்லாம் போகுது" என்று மாமி சத்தம் போட்டா. போகட்டும், வயிற்றுக்குள் நிற்காத சத்து எதற்கு. பயற்றை இரவு முழுக்க ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டால் இன்னும் நல்லது, முளை வளர அந்தச் சர்க்கரையைத்தான் எடுத்துச் செலவழிக்கும். முளைவிட்ட பயற்றின் கோதை உரசிக் கழுவி, மெத்தென்று அவித்து, நற்சீரகமும் பெருங்காயமும் போட்டுத் தேங்காய்ப்பூவோடு பிரட்டி, மூன்று மேசைக்கரண்டி அளவு. மீட்டர் 140க்குக் (mg/dL கணக்கில்) கிட்ட நின்றது, வயிறும் சத்தமில்லை. அளவு ஒரு கோப்பையானால் பழைய கதைதான். மைசூர்ப் பருப்பும் இதேபோல் அவித்து வடித்தால் ஒத்துவருகிறது. கௌபி எந்த வித்தையாலும் சரிவரவில்லை. கடலையும் அப்படித்தான், பத்துக்கு மேல் வாய்க்குள் போகவிடுவதில்லை.

கச்சான் ஆச்சரியமாக இருந்தது. புதுக்குடியிருப்புப் பக்கம் விளைகிற கச்சானை அவித்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி கொடுத்தால் சீனி அசைவதில்லை, வயிறும் ஊதுவதில்லை. பின்னேரத் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் பணிஸ் இருந்த இடத்தில் இப்போது அதுதான்.

குரக்கன், ஒடியல்

குரக்கனைச் சீனிக்கு மருந்து மாதிரிச் சொல்வார்கள். காலையில் மாமிக்குக் குரக்கன் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 212. அதே மாவில், கிட்டத்தட்ட அதே அளவில், நீத்துப்பெட்டியில் அவித்த புட்டுக்கு 160களில் நின்றது. மில்லில் மாவாகத் திரித்து, தண்ணீரில் நீட்டிக் காய்ச்சினால் பாதிச் சமிபாடு அடுப்பிலேயே முடிந்துவிடும். புட்டில் மா திரளையாக நிற்கிறது, தேங்காய்ப்பூவும் கூட இருக்கிறது, பக்கத்தில் முட்டைப் பொரியலும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தேன். பொதுவாகச் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் 180க்குக் கீழே நிற்பதை இலக்கு என்பார்கள், வயதானவர்களுக்கு வைத்தியர் வேறு அளவும் சொல்லலாம்.

ஒடியல் பிட்டு சீனிக்கு நன்றாக இருந்தது. மாவை ஊறவிட்டு மேல்தண்ணீரை வடித்துக் கசப்புப் போக்கித்தான் அவித்தேன். ஆனால் நார் கூட, மாமிக்கு இரவு முழுக்க நெஞ்சு முட்டினது. ஒடியற்கூழ் மட்டும் ஒரு சின்னச் சிரட்டை, மழைநாளில், மத்தியானத்தில். இரவில் வேண்டாம்.

பிஸ்கட், பனங்கட்டி, பழம்

கொழும்பிலிருந்து மைத்துனர் "சீனி இல்லாத" பிஸ்கட் பெட்டியொன்று கொண்டுவந்தார். மாமி சந்தோசத்தில் கூடச் சாப்பிட்டா. அன்றிரவு கிணற்றடிப் பக்கம் போய்வந்த கதை வேண்டாம். பெட்டியில் பார்த்தால் மோல்டிட்டோல், சோர்பிட்டோல் என்று எழுதியிருக்கிறது. சீனிக்குப் பதில் போடுகிற இவை குடலில் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கழுவிவிடும். போதாக்குறைக்குக் கோதுமை மாவும். மைத்துனருக்கு இன்னும் சொல்லவில்லை, இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பனங்கட்டி பற்றி மாமியோடு வாதிட்டுப் பிரயோசனமில்லை. "அது இயற்கை" என்பா. இயற்கைதான், சர்க்கரையும்தான். வெறுந்தேத்தண்ணிக்கு நகமளவு கடிப்பதோடு நிற்பாட்டியிருக்கிறேன். பால்மாத் தேத்தண்ணியை விட்டதில் வயிற்றுக்கு நன்மை, பாற்சர்க்கரை அவவுக்கு ஒத்துவருவதில்லை. எருமைத் தயிர் புளித்திருந்தால் பரவாயில்லை.

வத்தகப்பழத்தின் கிளைசெமிக் சுட்டி 76 என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஒரு துண்டில் மாப்பொருள் கொஞ்சம்தான், சீனிக்கு அவ்வளவு பயமில்லை. வயிற்றுக்குத்தான் அது எதிரி, பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையும் பிரக்டானும் சேர்ந்து கிடக்கிறது. பழுத்த கொய்யாப்பழம் இரண்டு பக்கமும் தேறியது. வற்றாளங்கிழங்கை அவித்து ஒரு சின்னத் துண்டு என்றால் சரி, சுட்டால் சீனி கூட ஏறுகிறது.

கார்த்திகை: இப்போதைய தட்டு

காலையில் குரக்கன் புட்டு ஒரு சின்னக் கோப்பை, முட்டை, ஏதாவது வெங்காயமில்லாக் கறி. மத்தியானம் மீன், புடோல் அல்லது பாவக்காய் அல்லது வெண்டி, முருங்கையிலை வறை, பிறகு புழுங்கல் சோறு இரண்டு அகப்பை. பின்னேரம் கச்சான். இரவுச் சாப்பாடு வெளிச்சம் இருக்கவே, முளைப்பயறும் சொதியும் ஒரு இடியப்பமும், அதுக்குப் பிறகு வளவுக்குள் கொஞ்ச நடை. பச்சை இலைச் சம்பலை விட வறையே மாமிக்கு இலகு, வெந்த இலை பச்சை இலையைப்போல் அடம்பிடிப்பதில்லை. மிளகாய்த்தூள் முன்பிருந்ததில் அரைவாசி.

இடையில் ஒன்று. மாமியின் வயிற்றுப் பிரச்சினையில் ஒரு பங்கு சீனிக்கு எடுக்கிற மெட்போமின் குளிசையாலும் வந்தது. அந்தக் குளிசை நிறையப் பேருக்கு வயிற்றைக் குழப்பும். வைத்தியரிடம் குறிப்பேட்டைக் காட்டினோம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார், வித்தியாசம் தெரிந்தது. நாங்களாகக் குளிசையை நிற்பாட்டவில்லை. சோற்றைக் குறைக்கிறவர்களும் கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசையோ இன்சுலினோ எடுத்தால் முதலில் சொல்லிவிட்டுக் குறையுங்கள், சீனி ஒரேயடியாகக் கீழே விழுந்துவிடும். சாப்பிட்டது மணிக்கணக்காக வயிற்றிலேயே நிற்கிறது, சத்தி வருகிறது, உடம்பு மெலிகிறது என்றால் அது குசினியில் தீர்க்கிற பிரச்சினை இல்லை. நீண்டநாள் சீனி வயிற்று நரம்பையும் பாதிக்கும், அப்போது நார்ச்சத்தே எதிரியாகிவிடும்.

காலபோக அறுவடை முடிந்ததும் தெரிந்த ஒருவரிடம் மொட்டைக்கறுப்பன் என்ற ஊர் நெல் கேட்டிருக்கிறேன். புழுக்கி, கைக்குத்தாக, அதே அளவு, அதே மீனோடு வைத்துப் பார்க்கவேண்டும். பாலைப்பழக் காலத்துக்கு என்ன செய்வதென்று மாமி இப்பவே கேட்கத் தொடங்கிவிட்டா.