டூலெட் அட்டை

1999இல் கோவையில் கோட்டைமேட்டை விட்டு வெளியே வீடு தேடினோம். கேட்டில் டூலெட் அட்டை தொங்கும். அத்தா பேரைச் சொன்னதும், "இப்பத்தானுங்க ஆள் முடிஞ்சுது" என்பார்கள். மறுவாரம் போனால் அதே அட்டை, மழையில் நனைந்து மை ஊறிக் கிடக்கும். பதினோரு வீடு எண்ணினேன்.

1997 நவம்பர் கலவரத்தில் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர். குண்டு வைத்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வீடு கிடைக்காத எல்லாருமா குண்டு வைத்தோம்? ஆனால் ஆள் பிடிப்பவனுக்கு எங்கள் தெருவில் வேலை சுலபமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னோடு பாலிடெக்னிக் படித்தவன் ஒருத்தன், கிரிக்கெட் பைத்தியம். ஏழு கம்பெனி ஏறி இறங்கினான். அப்புறம் ராத்திரி ஏதோ கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான்.

"அங்க என்னடா பேசறாங்க?"

"பாதி புரியாது. ஆனா போனதும் சாப்டியான்னு கேக்கறாங்கடா."

எனக்கு அந்த மாசமே பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. முதலாளி பேரைக்கூடக் கேட்கவில்லை. மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியுமா என்றுதான் கேட்டார். அவனையும் கூட்டிப்போயிருக்கலாம். ஒரு ஆள்தான் வேணும் என்றிருந்தார்கள், நானும் வற்புறுத்தவில்லை.

அவன் எங்கே இருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது. ரம்ஜானுக்குக் கஞ்சி கொடுக்கப் போனால் என்னைத்தான் கேட்கிறார்.