பரு போன பிறகு

ஜனவரி 9
இன்று அலுவலகக் கூட்டத்தில் ஜன்னல் பக்க நாற்காலி மட்டும்தான் காலி. அங்கே உட்கார்ந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் இடது கன்னத்தில் பரு விட்டுப்போன குழிகள் நிழல் விழுந்து இரண்டு மடங்காகத் தெரியும். பின்னாலேயே நின்றுகொண்டேன். சொல்ல நினைத்த யோசனையை வேறொருவர் சொல்லிவிட்டார்.

ஜனவரி 14
வீடியோ அழைப்பில் அத்தை, "முகத்தை நல்லாக் கழுவுறியாம்மா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வியில் நான் அழுக்கானவள் என்று ஆகிவிடுகிறது. எண்ணெய்ப் பசையும் இறந்த செல்களும் மயிர்க்கால் துவாரத்தை அடைப்பதால் வருவது பரு. அழுக்கால் அல்ல. அது தெரியாமல் பதினேழு வயதில் தோல் எரியும்வரை தேய்த்துக் கழுவியிருக்கிறேன். தேய்க்கத் தேய்க்க வீக்கம் கூடியது, தடமும் கூடியது.

பிப்ரவரி 2
புதிய தோல் மருத்துவரைப் பார்த்தேன். முன்பு பார்த்தவர் "இது சின்ன விஷயம்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். இவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இது குழி, இது வெறும் கறை" என்று பிரித்துக் காட்டினார். குழி என்றால் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் அழிந்த இடம், தானாக நிரம்பாது. கறை என்பது வீக்கம் தணிந்த பிறகு தங்கிப்போன மெலனின், அதாவது தோலின் நிறமி. கருநிறத் தோலில் மெலனின் செல்கள் சின்னப் புண்ணுக்கும் வேகமாக வேலை செய்யுமாம். பரு ஒரு வாரத்தில் போகும், கறை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். லேசரிலும் அவசரம் கூடாது, அந்தச் சூடே புதுக் கறையை உண்டாக்கலாம் என்றார். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் கேட்டார்: "இதனால எங்கயாவது போகாம இருக்கீங்களா?" அழுதுவிட்டேன். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

பிப்ரவரி 5
தோல் நிறத்தை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் வந்தபோது வெள்ளைத் தோலை மனதில் வைத்து நான்கு வகைகள்தான் இருந்தனவாம். பழுப்பும் கருப்பும் பிறகு சேர்க்கப்பட்டவை. படித்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை. பருவைச் சுற்றிச் "சிவந்திருக்கும்" என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறது. என் முகத்தில் அது ஒரு நாளும் சிவந்ததில்லை, கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும்.

மார்ச் 11
தங்கைக்கும் பரு. யாரோ கொடுத்த நிறம் கூட்டும் கிரீமை ரகசியமாகப் பூசிக்கொண்டிருந்தாள். உறையில் பார்த்தால் ஸ்டீராய்டு. முதலில் பளிச்சென்று இருக்கும், பிறகு தோல் மெலியும், பருவும் கொத்தாகக் கிளம்பும். திட்டவில்லை. அவள் வயதில் எனக்குக் கிடைத்திருந்தால் நானும் பூசியிருப்பேன். சட்டென்று நிறுத்தினாலும் முகம் பொங்கும் என்பதால், நாளையே மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன்.

"உன்ன மாதிரி ஆயிடுமாக்கா?" என்றாள். கேட்டதும் அவளே பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிள்ளாதே, சீக்கிரமே மருந்து ஆரம்பிப்போம் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்வி ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தது.

ஏப்ரல் 2
மாதம் ஒரு புகைப்படம், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். பதினேழிலிருந்து இருபத்து நான்கு வரை என்னிடம் படங்களே இல்லை, எல்லாவற்றையும் அழித்திருக்கிறேன். இன்று தங்கை ஜன்னல் பக்கம் நிற்கவைத்து இடது கன்னத்தை எடுத்தாள். போன மாதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன்.