கண்ணீரைத் தேடிப் போகாமல் நடிப்பது

அழுகிற காட்சி என்றாலே நிறைய பேர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, சொந்த வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒரு துக்கத்தைக் கிளறிவிட்டு, கண்ணீர் வருமா என்று காத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. இன்றைக்கு வருகிற கண்ணீர் நாளைய ஒத்திகையில் வராது. வந்தாலும் அது நடிகருடைய துக்கம், பாத்திரத்துடையது இல்லை.

அமெரிக்க நடிகையும் நடிப்பு ஆசிரியருமான ஸ்டெல்லா அட்லரும் இந்த இடத்தில்தான் முரண்பட்டார். நியூயார்க்கில் குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் அதன் இயக்குநர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் சொந்த நினைவுகளைத் தோண்டும் பயிற்சியை வலியுறுத்த, அட்லருக்கு அது ஒத்துவரவில்லை. 1934இல் பாரிஸில், அந்தப் பயிற்சிக்கு மூலமான ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே சந்தித்து, சில வாரங்கள் அவரோடு வேலை செய்துவிட்டுத் திரும்பினார். நாடகத்தின் சூழ்நிலை, அதற்குள் பாத்திரம் செய்கிற செயல், அதை உயிரோடு பார்க்கிற கற்பனை, இதுதான் அவர் கொண்டுவந்த பாடம். 1949இல் சொந்தமாக நடிப்புப் பள்ளியே தொடங்கினார். ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ அவருடைய மாணவர்.

"கதவைச் சாத்திவிட்டுப் போ" என்று ஒரு வசனம். இதைக் கோபமாகச் சொல் என்றால் முகம் கடுகடுக்கும், அவ்வளவுதான். எதிரே நிற்பவரை விரட்டுகிறேனா, உடைந்து அழப்போவதை அவர் பார்த்துவிடாமல் மறைக்கிறேனா, இல்லை போகாதே என்று அவரே புரிந்துகொள்ள வேண்டும் என்று தூண்டுகிறேனா என்று முடிவு செய்து பாருங்கள், மூச்சும் குரலும் நிற்கிற தூரமும் தானாக மாறிவிடும்.

கற்பனைக்கும் இதே துல்லியம் வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற நடிகர் அங்கே என்ன மரம், எந்தக் கிளை முறிந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரம் நாடகப் பிரதியில்தான் இருக்கிறது, ஆனால் பலரும் தாவிப் போவதும் அதைத்தான். கையில் கிடைத்ததுமே தன் வசனங்களுக்கு மட்டும் கோடு போட்டு மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் எப்படி அந்த ஆள் யார் என்று தெரியும்? முதலில் முழுசாகப் படியுங்கள். இந்த வீட்டில் பணம் யார் கையில், இவன் உள்ளே வருவதற்கு முன்பு எங்கே இருந்தான், எதைப் பற்றிப் பேச்சு வந்தால் பேச்சை மாற்றுகிறான் என்று தேடுங்கள். முக்கியமாக, அவன் இல்லாத காட்சிகளில் மற்றவர்கள் அவனைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று பாருங்கள். தன் காட்சிகளை மட்டும் படிக்கிறவர்களுக்கு அது கண்ணிலேயே படாது.